ரேஷன் பாமாயிலும் மானாவாரி மல்லாட்டையும்

மாதம் பிறந்ததும் எங்கள் தெருவில் கேட்கும் முதல் விசாரணை, "பாமாயில் வந்துட்டுதா?" என்பதுதான். அரிசியைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை, அது எப்படியும் வரும். பாமாயிலும் துவரம் பருப்பும் அப்படியல்ல. முந்திக்கொண்டவர்களுக்குக் கிடைக்கும், மற்றவர்கள் இரண்டு நடை நடக்க வேண்டும். ஒரு லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடையில் அதே எண்ணெய் நூறு ரூபாய்க்கு மேல். 2007இல் கருணாநிதி ஆட்சியில் சிறப்புப் பொது விநியோகத் திட்டமாக வந்தது. பிறகு ஆட்சிகள் மாறின, முதல்வர்கள் மாறினார்கள், பாமாயில் பாக்கெட்டில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அது உடம்புக்கு நல்லதா கெட்டதா என்ற வாட்ஸ்அப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. எனக்கு வேறு ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. நான் படித்தது பொருளாதாரம், பிழைப்பு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவது, சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் சேத்துப்பட்டுப் பக்கம் மானாவாரி பூமி. மூன்றும் சேர்ந்து வெகுநாளாகக் குடையும் கேள்வி இது: இந்தப் பாமாயிலைப் போலச் சமையல் எண்ணெயை இந்தியா வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதால் நாட்டுக்கு மொத்தத்தில் லாபமா நட்டமா?

அளவு தெரிந்தால்தான் கேள்வியின் கனம் தெரியும். எண்ணெய் வியாபாரத்தில் ஆண்டு என்பது நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும். 2022-23 எண்ணெய் ஆண்டில் இந்தியா இறக்கிய சமையல் எண்ணெய் சுமார் 165 லட்சம் டன், அதற்குக் கொடுத்த விலை ஏறக்குறைய 1.38 லட்சம் கோடி ரூபாய். அதில் பாதிக்கு மேல் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வரும் பாமாயில். மிச்சம் அர்ஜென்டினா, பிரேசில் பக்கத்துச் சோயா எண்ணெய், ரஷ்யா, உக்ரைன் பக்கத்துச் சூரியகாந்தி எண்ணெய். நம் வாணலியில் காயும் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலேறி வந்தது.

கல்லூரியில் இதற்கு ஒரு படம் போட்டுக் காட்டுவார்கள். படம் வேண்டாம், கற்பனையாக ஒரு ஊரை வைத்துக்கொள்வோம். வெளி எண்ணெயே வராத காலத்தில் அங்கே கிலோ 150 ரூபாய் விலையில் 100 கிலோ எண்ணெய் ஆட்டுகிறார்கள், 100 கிலோவும் அங்கேயே விற்றுத் தீர்கிறது. ஒருநாள் துறைமுகம் திறக்கிறது. வெளி எண்ணெய் கிலோ 100 ரூபாய்க்கு வந்து இறங்குகிறது. விலை இறங்கியதால் ஊர் இப்போது 140 கிலோ வாங்குகிறது. 100 ரூபாய் விலை கட்டுப்படியாகிறவர்கள் மட்டும் 70 கிலோ ஆட்டுகிறார்கள், பாக்கி 70 கிலோ கப்பலில் வருகிறது.

வாங்குகிறவர்களுக்கு என்ன மிச்சம்? பழைய 100 கிலோவில் கிலோவுக்கு 50 வீதம் 5,000 ரூபாய். புதிதாக வாங்கும் 40 கிலோவில் சராசரி 25 வீதம் 1,000. ஆக 6,000. விளைவித்தவர்களுக்கு என்ன போயிற்று? இன்னும் ஆட்டுகிற 70 கிலோவில் 50 வீதம் 3,500, கைவிட்ட 30 கிலோவில் சராசரி 25 வீதம் 750. ஆக 4,250. கழித்துப் பார்த்தால் ஊருக்கு 1,750 ரூபாய் நிகர நன்மை. எண்களை எப்படி மாற்றிப் போட்டாலும் இந்தப் படத்தில் மீதி நன்மைப் பக்கமே நிற்கும்.

இப்போது அரசு 20 ரூபாய் இறக்குமதி வரி போடுகிறது. விலை 120. உள்ளூரில் 82 கிலோ ஆட்டுகிறார்கள், ஊர் 124 கிலோ வாங்குகிறது, கப்பலில் வருவது 42 கிலோ. வாங்குகிறவர்கள் இழப்பது 2,640 ரூபாய். அதில் 1,520 விளைவிப்பவர்களுக்கும் 840 கஜானாவுக்கும் போகிறது. மிச்சம் 280 ரூபாய் யார் கைக்கும் போகாமல் ஆவியாகிறது. வரி போட்டால் நாட்டுக்கு நட்டம் என்று பொருளாதாரக்காரர்கள் சொல்வது இந்த 280ஐத்தான்.

கணக்கில் பிழை இல்லை. நான் நிற்கும் இடம் அந்த 4,250. லாபம் பார்த்தவர்கள் நட்டப்பட்டவர்களுக்கு 4,250 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாலும் அவர்கள் கையில் 1,750 மிச்சம் இருக்கும், ஆகவே இது நாட்டுக்கு நல்லது என்கிறது பாடம். 1939இல் கால்டார், ஹிக்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் வகுத்த தர்க்கம் இது. கொடுக்க முடியும் என்றால் போதும், கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அப்படியே ஆயிற்று. யாரும் கொடுக்கவில்லை.

எங்கள் பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மல்லாட்டை (எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பெயர்) வரத்துக் காலத்தில் போய் நின்று பாருங்கள். விவசாயிகள் காயை உடைத்துப் பருப்பாக்கி 80 கிலோ மூட்டை கட்டிக் கொண்டுவந்து வரிசையாக இறக்கியிருப்பார்கள். வியாபாரி மூட்டைவாயை அவிழ்த்துக் கையை உள்ளே விடுவார். மேலே இருப்பது நல்ல பருப்பாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும், அதனால் அடியிலிருந்து ஒரு பிடி. உள்ளங்கையில் பரப்பி, சுருங்கினது, பூஞ்சை பிடித்தது எத்தனை என்று ஒரு பார்வை. ஒன்றை வாயில் போட்டுக் கடிப்பார். காய்ந்ததா, பச்சையா என்பது பல்லுக்குத் தெரிந்துவிடும். பிறகு சீட்டில் ஒரு விலை எழுதிப் பெட்டியில் போடுவார். மறைமுக ஏலம், யார் என்ன எழுதினார் என்று பக்கத்து ஆளுக்குத் தெரியாது. பெட்டி திறந்து விலை போர்டில் ஏறும்வரை விவசாயி டீக்கடைப் பக்கம்கூட நகரமாட்டார்.

எண்ணெய் மில்லுக்காக வாங்கும் வியாபாரி அந்தச் சீட்டில் எழுதுவதற்கு முன் போனைப் பார்த்திருப்பார். கோலாலம்பூர் சந்தையில் பாமாயில் எங்கே நிற்கிறது, டாலர் எத்தனை, டெல்லியில் வரியைத் தொடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறதா? மூட்டையில் இருப்பது சேத்துப்பட்டு மல்லாட்டை, விலையை இழுக்கும் கயிற்றின் ஒரு முனை மலாக்கா நீரிணையில் இருக்கிறது.

ஒரே முனை என்று சொன்னால் பொய்யாகிவிடும். கடலை இப்போது எண்ணெய்க்கு மட்டும் போவதில்லை, மிட்டாய்க்கும் மிக்சருக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. இந்தியக் கடலைப் பருப்பை அதிகம் வாங்கும் நாடு எது தெரியுமா? இந்தோனேசியா. அவர்கள் எண்ணெயை நமக்கு விற்றுவிட்டு நம் கடலையை வாங்கிக் கொறிக்கிறார்கள். கல்லூரிப் பாடம் கேட்டிருந்தால் துள்ளிக் குதிக்கும் உதாரணம்: அவரவர்க்கு எது கைவருமோ அதைச் செய்து மாற்றிக்கொள்கிறார்கள். பாமாயில் தரும் எண்ணெய்ப்பனை எக்டேருக்கு மூன்று, நான்கு டன் எண்ணெய் கொடுக்கும். மழையை நம்பிய எந்த எண்ணெய் வித்தும் அதன் கிட்டே நெருங்காது.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "சரிப்பா, என் மூணு ஏக்கர்ல பனை வெச்சா தண்ணி நீ கொண்டாந்து ஊத்துறியா?" என்றார். அவர் வீட்டிலும் வடை சுடுவது ரேஷன் பாமாயிலில்தான். மல்லாட்டையை மூட்டையாக விற்றுவிட்டு பாமாயிலைப் பாக்கெட்டாக வாங்குகிறார். விவசாயி வேறு, நுகர்வோர் வேறு என்று பிரித்துப் போட்ட படத்தில் அவரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

இறக்குமதி வேண்டாம் என்று கதவை அடைத்த காலம் ஒன்று இருந்தது. 1986இல் ராஜீவ் காந்தி அரசு எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கத்தைத் தொடங்கியது. அரசு வணிகக் கழகம் வழியாக அல்லாமல் எண்ணெய் உள்ளே வர முடியாது. 1989இல் குரியன் தலைமையிலிருந்த தேசிய பால்வள வாரியத்தைச் சந்தையில் இறக்கி, விலை விழும்போது வாங்கவும் ஏறும்போது விற்கவும் சொன்னார்கள். 'தாரா' எண்ணெய் பாக்கெட் அந்தக் காலத்தில் வந்தது. 110 லட்சம் டன்னைச் சுற்றியிருந்த எண்ணெய் வித்து விளைச்சல் 1993-94இல் 200 லட்சம் டன்னைத் தாண்டியிருந்தது, இறக்குமதி சொற்பமாகச் சுருங்கியது. மஞ்சள் புரட்சி என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் உலகச் சந்தையைவிடக் கூடுதல் விலை கொடுத்துத்தான் அந்த நாட்களில் ஜனங்கள் எண்ணெய் வாங்கினார்கள். தலைக்கு எத்தனை கரண்டி என்று அம்மாமார்கள் கணக்கு வைத்துத் தாளித்த காலம் அது.

1994 ஏப்ரலில் பாமாயிலிலிருந்து பிரித்தெடுக்கும் பாமோலினைத் தனியார் யாரும் இறக்கலாம் என்று திறந்துவிட்டார்கள், வரி 65 சதவீதம். மறுவருடமே மற்ற எண்ணெய்களும் வந்தன, வரி 30 ஆயிற்று. 1998இல் 15. அதே 1998இல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரமதண்டு விதை எண்ணெய் கலந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சில்லறையாக அளந்து விற்கும் உள்ளூர் எண்ணெயின் மீதிருந்த நம்பிக்கை உடைந்தது, பாக்கெட் எண்ணெய்க்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. உலக வர்த்தக அமைப்பில் பாமாயிலுக்கு 300 சதவீதம் வரை வரி போடும் உரிமையை வைத்துக்கொண்ட நாம் சோயா எண்ணெய்க்கு 45க்கு மேல் போடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருந்தோம். ஒரு எண்ணெய்க்கு வரி ஏறினால் மில்காரர் மற்றதற்குத் தாவுவார். அதனால் 300 என்பது ஏட்டில் மட்டும் கம்பீரம்.

1950களில் ஒரு இந்தியர் வருடத்துக்குச் சுமார் மூன்று கிலோ எண்ணெய் சாப்பிட்டார், இன்று அது 20 கிலோவை நெருங்குகிறது என்கிறது நிதி ஆயோக். இது தேவைக்கு மேல்தான். ஆனால் எண்ணெய்ப் பசையே காணாத குழம்பில் வளர்ந்தவர்களுக்கு, கையில் காசு வந்ததும் அப்பளம் பொரிப்பது ஆடம்பரமில்லை. மலிவான எண்ணெயின் நன்மை ஏழை வீட்டில்தான் அதிகம், சம்பளத்தில் பாதி சோற்றுக்கே போகிற வீடு அது. இதை மறைத்துவிட்டு 'விவசாயியைக் காப்போம்' என்று மட்டும் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

கதவை முற்றாகச் சாத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கை ஒரு பாடம். 1970 முதல் 1977 வரை சிறிமாவோ ஆட்சியில் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் நிமிர்ந்த காலம் அது. கிணற்றுத் தண்ணீரில் விளைந்த மிளகாயும் வெங்காயமும் தெற்கே லாரி லாரியாகப் போயின. அதே காலத்தில் கொழும்பில் பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, வரிசையில் நின்றார்கள். 1977இல் ஜெயவர்த்தனா வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் வரிசை மறைந்தது, தோட்டக்காரரின் விலையும் விழுந்தது. ஒரு தரப்பின் பொற்காலம் இன்னொரு தரப்பின் பஞ்சகாலம். வடக்கே அந்த அடி வெறும் விலைச்சரிவாக மட்டும் நினைவில் இல்லை. நட்டப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே பகுதியில், ஒரே மொழி பேசுகிறவர்களாக இருக்கும்போது நிகர நன்மைக் கணக்கு அரசியல் கணக்காகிவிடுகிறது.

எங்கள் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். அந்தக் கற்பனை ஊர்ப் படத்தில் எண்ணெய் மட்டும் இருக்கிறது. வயலில் எண்ணெய் மட்டும் விளைவதில்லை. நூறு கிலோ கடலைப் பருப்பை ஆட்டினால் நாற்பது கிலோ சொச்சம் எண்ணெய், மிச்சத்தில் பெரும்பகுதி புண்ணாக்கு. அது மாட்டுக்கு, ஆகவே பாலுக்கு. மல்லாட்டைக் கொடியைப் போர் போட்டு வைத்தால் கோடையில் தீவனம். பயறுவகைச் செடி என்பதால் வேரில் தழைச்சத்து தங்கும், அடுத்த போகத்துக்கு யூரியா கொஞ்சம் குறையும். பிறகு கூலி. களை எடுக்க, செடி பிடுங்க, காய் ஆய, பருப்பு பொறுக்க என்று மல்லாட்டை அத்தனையும் பெண்களின் வேலை. காய் ஆய்வதற்குக் கூலி அளவுக்கணக்கு, மரத்தடியில் உட்கார்ந்து கிழவிகளும் பத்துப் படி ஆய்ந்துவிட்டு மடியில் கொஞ்சம் கட்டிக்கொண்டு போவார்கள். ஒரு டேங்கர் பாமாயில் வந்தால் எண்ணெய் வந்துவிடும். புண்ணாக்கும் கொடியும் கூலியும் வராது.

அந்த ஆட்களுக்கு வேறு வேலை கிடைக்கும் என்று பாடம் எடுத்துக்கொள்கிறது. சிலருக்குக் கிடைத்தது. நூறு நாள் வேலை, திருப்பூர், செங்கல் சூளை, செய்யாறு பக்கம் செருப்புக் கம்பெனி. ஐம்பத்தைந்து வயதுக்காரிக்குச் செருப்புக் கம்பெனியில் வேலை இல்லை.

தமிழ்நாட்டில் 1980களில் பத்து லட்சம் எக்டேருக்குப் பக்கத்தில் இருந்த கடலை இன்று நான்கு லட்சத்தை ஒட்டி நிற்கிறது. எல்லாப் பழியையும் பாமாயில் தலையில் கட்டுவது நியாயமில்லை. போர்வெல் போட்டவர்கள் நெல்லுக்கும் கரும்புக்கும் போனார்கள். ஏக்கருக்கு ஐம்பது, அறுபது கிலோ விதைப்பருப்பு வேண்டும், அதுவே பெரிய முதல். ஆள் கிடைப்பதில்லை. காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் ஒரு கொல்லையைக் கிளறிவிடும். மனைக்கட்டு வேறு. இத்தனையோடும் மல்லுக்கட்டுகிறவனுக்கு விலையாவது நிலையாக இருந்தால் தாங்குவான்.

என் மனத்தாங்கல் இங்கேதான். வரி இருக்கிறதா இல்லையா என்பதைவிட அது ஆடுகிற ஆட்டம். 2008இல் கச்சா எண்ணெய், அதாவது சுத்திகரிக்காத சமையல் எண்ணெய், மீதான வரியைச் சைபராக்கினார்கள். 2018 மார்ச்சில் கச்சா பாமாயிலுக்கு 44, சுத்திகரித்ததற்கு 54 சதவீதம். 2021இல் விலை ஏறியதும் படிப்படியாக வெட்டினார்கள். 2022 ஏப்ரல் 28இல் இந்தோனேசியா ஏற்றுமதியையே நிறுத்தியது, உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெயும் வராத நேரம். மே 23இல் தடை நீங்குவதற்குள் இங்கே கடைக்காரர்கள் ஆளுக்கு இரண்டு பாக்கெட் என்று அளவு வைத்தார்கள். 2024 செப்டம்பரில் சோயா விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய் ஆதார விலைக்குக் கீழே விழுந்தது. மகாராஷ்டிராவில் தேர்தல் நெருங்கியது. கச்சா எண்ணெய்களின் மொத்த வரி 5.5இலிருந்து ஒரே இரவில் 27.5 ஆயிற்று. 2025 மே 30இல் அது 16.5. எட்டரை மாதம் ஆயுள்! அதுவும் மானாவாரி விதைப்புக்கு நிலத்தை உழுது வைத்திருக்கும் நேரம் பார்த்து.

வரியைக் குறைத்தால் குறைத்த அளவு முழுவதும் நம் வீட்டுக்கு வந்துவிடும் என்பதும் பாடப்புத்தக நம்பிக்கை. உலகிலேயே அதிகமாகச் சமையல் எண்ணெய் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. நாம் வரியை வெட்டினால் விற்கிறவன் விலையை ஏற்றிக்கொள்வான், வெட்டியதில் ஒரு பகுதி கப்பல் புறப்படுவதற்கு முன்பே அங்கே தங்கிவிடும். அவர்களும் சும்மா இல்லை. இந்தோனேசியா கச்சா எண்ணெய் ஏற்றுமதிக்கு அதிகத் தீர்வையும் சுத்திகரித்த எண்ணெய்க்குக் குறைந்த தீர்வையும் வைக்கிறது, சுத்திகரிப்பு வேலை தன் நாட்டிலேயே நடக்கட்டும் என்று. அதற்குப் பதிலடியாகத்தான் 2025இல் கச்சாவுக்கு 16.5, சுத்திகரித்ததற்கு 35.75 என்று நாம் இடைவெளி வைத்தோம். அதனால் நம் துறைமுக ஆலைகளில் இயந்திரம் ஓடும். விவசாயிக்கு அதில் பங்கு இல்லை.

கேரளத்தில் நடந்தது இதைவிட வேடிக்கை. 2007இல் தென்னை விவசாயிகளுக்காகக் கேரளத் துறைமுகங்கள் வழியே பாமாயில் இறக்கத் தடை போட்டார்கள். தூத்துக்குடியில் இறக்கி லாரியில் கொண்டுபோவதற்கு யாரும் தடை போடவில்லை.

பொள்ளாச்சிக்காரர்கள் ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடு என்று போராடுகிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தேங்காய் எண்ணெய் இன்று விற்கும் விலைக்கு, அதை 25 ரூபாய்க்குக் கொடுத்தால் மானியம் எங்கே போய் நிற்கும்? மாதத்தில் ஒரு பகுதி, கொப்பரை விலை விழும் பருவத்தில் மட்டும், என்று தொடங்கினால் அரசுக்கும் தாங்கும்.

எனக்கு அதிகாரம் இருந்தால் இரண்டு காரியம் செய்வேன். ஒன்று, எண்ணெய் வரியை ஆனி மாதத்துக்குள் அறிவித்து அறுவடை முடிந்து சரக்கு விற்கும்வரை அதைத் தொடக்கூடாது என்று சட்டம். 20 சதவீதமோ 15 சதவீதமோ, விதைக்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, கற்பனை ஊரில் வரியாகக் கஜானாவுக்குப் போன அந்த 840 ரூபாய். கச்சா எண்ணெய் வரியில், எண்ணெய் மதிப்பில் 5 சதவீதம் இப்போதே வேளாண் உள்கட்டமைப்பு வரி என்ற பெயரில்தான் வசூலாகிறது. பொது மூட்டையில் கொட்டாமல் அதை எண்ணெய் வித்துப் பயிரிடுகிறவனின் விதைக்கும், காய் பறிக்கும் இயந்திரத்துக்கும், பன்றி வேலிக்கும் ஒதுக்கினால் கால்டாரும் ஹிக்ஸும் ஏட்டில் சொன்னதில் கொஞ்சமாவது கைக்கு வரும்.

அரசு போகிற வழி வேறு. 2021இல் 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப்பனை இயக்கம், 2024இல் 10,103 கோடியில் எண்ணெய் வித்து இயக்கம். எண்ணெய்ப்பனை காய்க்கவே நான்கு வருடம், மரம் நிற்பது இருபத்தைந்து வருடத்துக்கு மேல். அதன் குலை விலை கச்சா பாமாயில் விலையோடு கட்டப்பட்டது, அந்த விலை இறக்குமதி வரியோடு கட்டப்பட்டது. காவிரிப் பாசனத்தில் பனங்கன்று நட்டிருக்கும் ஒருவரிடம் பேசினேன். விலை சரிந்தால் வித்தியாசத்தை அரசு ஈடுகட்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். அந்தத் தாளைப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார், நடுவில் ஊடுபயிராக வாழையும் வைத்திருக்கிறார்.